பற்றாசும் கைத்திறனும்

யாப்பிலக்கணம் கற்றோர் 'ஆசு' என்னும் சொல்லை அறிவர். இருகுறள் நேரிசை வெண்பாவில் முதற்குறளையும் தனிச்சொல்லையும் இசையத் தொடுத்தற்கு இடையில் ஓரசையோ ஈரசையோ வருமாயின், அதனை ஆசு என்றும், அவ்வெண்பாவை ஆசிடை நேரிசை வெண்பா என்றும் வழங்குவர். பொற்கொல்லன் இரு பொற்றுண்டுகளைப் பொருத்துதற்கு இடையில் வைத்தூதும் பற்றாசே இப்பெயருக்கு மூலம். அத்தொழிலே இன்று இலத்திரனியற் கருவியொன்றின் முதற்படியை ஆக்குவோரது மேசையிலும் நடைபெறுகின்றது. பொருத்தப்படும் பொருள்கள் சிறுத்துக்கொண்டே வந்தபோதும் கை இத்தொழிலை விட்டு நீங்கவில்லை. அதன் காரணம் ஆராயத்தக்கது.

மிக நுண்ணிய பொருள்களைப் பற்றவைத்தல் நம் காலத்துக்கே உரியதன்று. மெசொப்பொத்தேமியாவின் ஊர் என்னும் நகரத்து அரச கல்லறைகளிலே, ஏறத்தாழ கி. மு. 2500 அளவினவாய பொன்மணிகள் பற்றவைத்த அணிகள் கிடைத்தன. கி. மு. 7 ஆம் நூற்றாண்டின் எத்துருசுக்கரோ மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கினும் சிறிய மணிகளை வரிசை வரிசையாகப் பதித்தனர். மணியை உருக்காமலும், இடைவெளிகளைப் பற்றாசு நிரப்பிவிடாமலும் இதனை எவ்வாறு செய்தனர் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1933 இல் இங்கிலாந்தின் லிற்றில்டேல் என்பார் ஒரு விடையை முன்வைத்து உரிமம் பெற்றார். செப்புச் சேர்வையொன்றைப் பசையுடன் குழைத்து மணிகளை ஒட்டிச் சூடாக்கினால், பசை கரியாகும். கரி செம்பைப் பிரிக்கும். செம்பு பொன்னுடன் கலக்கும். தூய பொன் 1064 பாகை சதமத்தில் உருகுவது. தொடும் இடத்தில் மாத்திரம் தோன்றும் இக்கலவையோ ஏறத்தாழ 890 பாகையிலேயே உருகிவிடும். எத்துருசுக்கர் இம்முறையையே கையாண்டனர் எனத் துணிந்து கூறல் மிகை. கையாண்டிருத்தல் கூடும் என்பதே பொருந்தும். ஒன்று மட்டும் தெளிவு: மணியை வைப்பது கை, இணைப்பை ஆக்குவது உருகிய உலோகம்.

வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு றோமருக்கும் தெரிந்திருந்தது. ஈரியற் காரீயமும் ஓரியல் வெள்ளீயமும் சேர்ந்த கலவையால் நீர்க்குழாய்கள் பொருத்தப்பட்டமையைப் பிளினி எழுதியுள்ளார். வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுவன. முறையே நூற்றுக்கு 63, 37 என்னும் அளவில் கலப்பின், இரண்டினும் தாழ்ந்த 183 பாகையில் அவை ஒருங்கே உருகும். இக்கலவையே பின்னாளில் வானொலித் தொழிலுக்கு அடிப்படையாயிற்று. 1921 இல் ஜேர்மனியின் ஏணஸ்ற் சக்ஸ் மின்பற்றாசுக்கோலைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கினார். வியன்னாவிற் பிறந்து இலண்டன் சென்ற போல் ஐஸ்லர் 1936 அளவில் அச்சுச்சுற்றுப் பலகையை வகுத்தார்.

அதன்பின் பொருள்கள் சிறுத்த வேகம் பெரிது. 1960 ஆம் ஆண்டுகளிற் பரவிய சில்லுகளின் கால்கள் 2.54 மில்லிமீற்றர் இடைவெளியுடையன. பலகையின் துளைகளிற் புகுந்து நின்றன. அதே பத்தாண்டிலே ஐ. பி. எம். நிறுவனம், துளையின்றிப் பலகையின் மேற்பரப்பிலேயே உறுப்புகளைப் பற்றவைக்கும் முறையைக் கையாண்டது. சற்றேண் ஏவுகலங்களின் கணினியிலும் அம்முறை இடம்பெற்றது. 1980 ஆம் ஆண்டுகளில் அது எங்கும் பரவிற்று. கால்களின் இடைவெளி 0.5 மில்லிமீற்றராகக் குறுகியது. தனியொருவர் கையாற் பொருத்தும் காலம் முடிந்தது என்ற எண்ணமும் எழுந்தது. சிறு ஆய்வுகூடத்திற்கும் கல்லூரிப் பட்டறைக்கும் இது சிறிய செய்தியன்று. இயந்திரம் வாங்க இயலாதவர் புதியன ஆக்கவும் இயலாதவராவரே!

அங்ஙனம் நிகழாமைக்குக் காரணம் மேற்பரப்பிழுவை. ஒரு பொருளின் நீள அகல உயரங்கள் பத்திலொன்றாகச் சுருங்கின் அதன் எடை ஆயிரத்திலொன்றாகும். உருகிய உலோகத்தின் மேற்பரப்பு இழுக்கும் விசையோ பத்திலொன்றாகவே குறையும். ஆதலின் பொருள் சிறுக்குந்தோறும் எடையினும் இழுவையே ஓங்கும். சற்று விலகி வைத்த சில்லும், அதன் பற்றாசு முழுவதும் உருகியவுடன் தானே நகர்ந்து இடம்சேர்தல் இதனாலேயே.

நெருங்கிய கால்களையுடைய சில்லை நுனிநுண்மையால் ஒவ்வொரு காலாகப் பற்றவைக்க முயல்வோர் பெரும்பாலும் இடர்ப்படுவர். தேர்ந்தவர் செய்கை வேறு. சில்லை நேராக வைத்து ஒரு மூலைக்காலைப் பற்றவைப்பர். உருப்பெருக்கியால் நோக்கி, எதிர்மூலையையும் பற்றவைப்பர். பின்னர் கால்களெங்கும் பிசின் இளக்கியைத் தாராளமாகத் தடவி, சிறிது பற்றாசு ஏந்திய கோலை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல இழுப்பர். இளக்கி செம்பின் மீதுள்ள ஒட்சைட்டை நீக்குகின்றது. தூய செம்பைப் பற்றாசு நனைக்கும். கால்களுக்கிடையே உள்ள அரக்குப் பூச்சை நனைக்காது. ஆகவே அது தானே பிரிந்து கால்தோறும் நிற்கும். இறுதிக் கால்களிற் பாலமிட்டு நிற்கும் மிகுதியைச் செப்பிழைப் பின்னல் உறிஞ்சிவிடும். பொற்கொல்லன் வெண்காரம் இடுவதும் இளக்கியின் தொழிலுக்கே.

அவ்விழுவை தீங்கும் செய்யும். மிகச் சிறிய தடையி ஒன்றின் ஒரு முனை முந்தி உருகினால், அம்முனையே மறுமுனையைத் தூக்கிவிட, உறுப்பு நிமிர்ந்து நிற்கும். மேனாட்டார் இதனைக் கல்லறைக்கல் என்பர். கால்களையெல்லாம் அடியில் மறைத்த சில்லுகள் வந்தபோது கோலும் பயன்படவில்லை. பசை வடிவான பற்றாசும் வெப்பக்காற்றும் அதன் இடத்தைப் பிடித்தன. ரொட்டி வாட்டும் சிறு அடுப்பைக்கூடத் தனியாக இதற்கென ஒதுக்கிக்கொண்டோர் பலர்.

2006 யூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இலத்திரனியற் பொருள்களிற் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. காரீயக் குழாய்நீர் தீங்கானது என விற்றுருவியசு எழுதி ஈராயிரம் ஆண்டுகள் கழிந்திருந்தன. வெள்ளீயத்துடன் நூற்றுக்கு 3 பங்கு வெள்ளியும் அரைப்பங்கு செம்பும் சேர்ந்த புதுக்கலவை 217 பாகையளவிலேயே உருகத் தொடங்கும், நனைத்தலும் குறைவு. பளபளப்பே நல்லிணைப்பின் அடையாளம் எனப் பழகிய கண்ணுக்கு இதன் மங்கல் நிறம் பிழையாகத் தோன்றிற்று. இணைப்பு உறுதியாயிருந்தும் மீண்டும் சூடாக்கிப் பலகையைக் கெடுத்தவரும் உளர்.

தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் 0.4 மில்லிமீற்றர் நீளமும் 0.2 மில்லிமீற்றர் அகலமும் உள்ள உறுப்புகளை இடைவிடாது வைத்துச் செல்கின்றன. அவ்வகலம் எத்துருசுக்கர் மணியின் அளவே. ஆயினும் முதற்படிகளிற் பிழைகள் இருப்பதே வழக்கம். வரைபடத்தில் இரு கால்கள் இடம் மாறியிருப்பின், இயந்திரம் அப்பிழையையும் பிசகின்றிப் பொருத்திவிடும். அப்பொழுது ஒருவர் உருப்பெருக்கியின் கீழ் அக்கால்களைச் சூடாக்கி நிமிர்த்தி, மயிரிழை போன்ற கம்பியைக் குறுக்கே பற்றவைத்து, மின்னை மீண்டும் செலுத்திப் பார்க்கின்றார்.