அப்பாயியின் நத்தைச் சட்டம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. வேலை அதிகம் என்ற பழைய பொய்யை இந்த முறை சொல்லப்போவதில்லை. சோம்பல்தான் :-)

போன வாரம் ஆபீஸ் ஆட்களோடு சாப்பிடப் போயிருந்தேன். நான் குப்பை கொட்டும் நுமாசு, ஜப்பானில் சுருகா விரிகுடாக் கரையில் இருக்கும் ஒரு துறைமுக ஊர். ஒரு சின்னக் கிண்ணத்தில் சோயாவில் வேகவைத்த கடல் நத்தை வந்தது. இங்கே அதற்குப் பெயர் 'பாய்'. பல்குச்சியால் குத்தி மெதுவாகத் திருகினால் ஓட்டுக்குள் சுருண்டிருக்கும் வால்வரை வந்துவிடும். எல்லோரும் திருகிக்கொண்டிருக்க, சீக்கிரம் ஓய்வுபெறப்போகிற எங்கள் மேலாளர் மட்டும் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "1965-க்குப் பிறகு எங்கம்மா இதை வீட்டுக்குள் விட்டதில்லை" என்றார்.

அப்புறம் தேடிப் படித்தேன். 1965 செப்டம்பரில் இதே நுமாசுவில் 26 பேர் இந்த நத்தையைத் தின்று படுத்துவிட்டார்கள். கண்பார்வை மங்கியது, கருவிழிப்பாவை விரிந்தது, நாக்கு வறண்டது, பேச்சு குழறியது. வழக்கமாகச் சாப்பிடும் நத்தை, வழக்கமான சமையல். ஆனால் அந்த நத்தைகள் விரிகுடாவின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் பிடிக்கப்பட்டவை. ஷிசுவோகாவில் கோசுகே என்ற பேராசிரியரின் குழு இதை விடாமல் துரத்தியது. 1972-இல் நஞ்சைப் பிரித்தெடுத்து, விரிகுடாவின் பெயரையே வைத்து 'சுருகாடாக்சின்' என்றார்கள். 1981-இல் அதைவிட வீரியமான நியோசுருகாடாக்சின் கிடைத்தது. 1985-இல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது: நஞ்சைத் தயாரித்தது நத்தை இல்லை, அதன் குடலில் குடியிருந்த ஒரு பாக்டீரியா!

இதைப் படித்தபோது எனக்கு அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது.

*

கட்சால் என்றால் பலருக்கும் தெரியாது. நிக்கோபாரில் நான்கவுரி, கமோர்ட்டாவுக்குப் பக்கத்துத் தீவு. 2000 ஜனவரி 1 அன்று புது ஆயிரமாண்டின் முதல் சூரியன் இந்தியாவில் அங்கேதான் விழும் என்று கொஞ்ச நாள் பேப்பரில் பெயர் அடிபட்டது. அடுத்து அடிபட்டது 2004 டிசம்பர் 26, சுனாமியில்.

அந்தத் தீவில் தமிழர்கள் எப்படி? 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்கள் கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அப்பாயிக்கு அதுவரை தெரிந்தது தேயிலை, பனி, அட்டை. கடலைப் பார்த்தது கப்பல் ஏறிய அன்றுதானாம்.

கடலில் எதைத் தின்னலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்தில் இருந்த நிக்கோபாரிப் பெண் ஒருவர். பாதி இந்தி, பாதி கைஜாடை. அதிலிருந்து அப்பாயி மூன்று சட்டம் வைத்திருந்தார். ஒன்று, அவங்க தின்னாததை நாம தின்னக்கூடாது. இரண்டு, நத்தையின் கடைசிச் சுருளில் இருக்கும் கறுப்பு-பச்சைப் பகுதியைக் கிள்ளி எறியணும். மூன்று, உதடு மரத்தால் துப்பிட்டு எழுந்திரணும், ருசியைப் பார்க்கக்கூடாது.

மூன்றாவது எங்கள் சித்தப்பாவால் வந்த சட்டம். ஒருநாள் பாறையில் பொறுக்கிய நத்தையைச் சுட்டுத் தின்றவருக்கு உதடும் விரல்நுனியும் மரத்துப்போய், நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். காட்டிய இடத்தில் "வாயு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் நானூறு கிலோமீட்டர் தள்ளி போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). கப்பல் வந்தால்தான் உண்டு. மறுநாள் தானாகச் சரியானார். அது என்ன நத்தை, எந்த மாதம், யாரும் குறித்துவைக்கவில்லை.

*

அப்பாயியின் சட்டம் எவ்வளவு தூரம் சரி?

முதலில் கிள்ளி எறிவது. 1979 டிசம்பரில் இதே ஷிசுவோகா மாகாணத்தில் ஷிமிசுவில் ஒருவர் பெரிய ஊதுசங்கு வகை நத்தையின் ஈரல் போன்ற செரிமானச் சுரப்பியைத் தின்று விழுந்தார். அதில் இருந்தது பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடாடாக்சின். அந்தச் சங்கு ஒருவகை நட்சத்திர மீனைத் தின்று நஞ்சைச் சேர்த்துவைத்திருந்தது. ஆக அப்பாயிக்குப் பாஸ் மார்க். ஆனால் சீனாவிலும் தைவானிலும் ஆட்களைக் கொன்ற நசாரியஸ் என்ற குட்டி நத்தையில் சதையிலும் நஞ்சு உண்டு. வடகடலின் நெப்டியூனியா நத்தையில் டெட்ரமின் என்ற நஞ்சு உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கிறது. எல்லா நத்தைக்கும் ஒரே கிள்ளல் உதவாது.

அடுத்து 'அவங்க தின்னாததை'. இது நல்ல சட்டம், ஆனால் போதாது. நேற்றுவரை நல்லதாக இருந்த ஜந்து இன்று நஞ்சாகலாம். அந்தமான் நிக்கோபார் கடலில் டிரோகஸ், டர்போ என்ற பெரிய நத்தைகள் உண்டு. சட்டைப் பொத்தானுக்காக அவற்றின் ஓட்டை 1929 வாக்கில் ஜப்பானியர்கள் வந்து அள்ள ஆரம்பித்தார்கள். 2001-இல் இந்திய வனவிலங்குச் சட்டம் அவற்றைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. இந்த நத்தைகளின் சொந்தக்காரர்களை ஜப்பானின் தெற்குக் கோடியில் இஷிகாகி தீவில் ஆராய்ந்தபோது சாக்சிடாக்சின் வகை நஞ்சு கிடைத்தது. அவை மேய்ந்த ஒரு சிவப்புப் பாசியிலிருந்து வந்தது அது.

சாக்சிடாக்சினை நாம் அறியாதவர்கள் இல்லை. 1981-இல் தமிழ்நாட்டில் வயலூரில் மட்டி தின்ற 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் ஏழு பேர் இறந்தார்கள். ஏற்றுமதிச் சிப்பிக்குக் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்துச் சோதிக்கிறோம். பாறையில் பொறுக்கித் தின்பவருக்கு எந்தச் சோதனைச்சாலை?

மூன்றாவது சட்டம்தான் தங்கம். டெட்ரோடாடாக்சினும் சாக்சிடாக்சினும் நரம்பில் சோடியம் போகும் வாசலை அடைத்துவிடும். முதலில் உதடு, விரல், பிறகு கைகால், கடைசியில் மூச்சு. சமையல் சூட்டுக்கு அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. நஞ்சு உடம்பை விட்டுப் போகும்வரை செயற்கை சுவாசம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். அதனால் மரத்தால் எழுந்து ஓடவேண்டியதுதான். மீதி நத்தையையும் கையோடு எடுத்துப் போங்கள், என்னவென்று கண்டுபிடிக்க உதவும்.

*

எனக்கு உறுத்துவது வேறு. நுமாசுவில் 26 பேர் படுத்தார்கள், யாரோ எழுதிவைத்தார்கள், இருபது வருஷத்தில் பாக்டீரியாவரை போய்விட்டார்கள். எங்கள் சித்தப்பாவுக்கு 'வாயு'. கட்சாலின் குறிப்பேடு மனிதர்களின் தலைக்குள்தான் இருந்தது. அப்பாயிக்குச் சொல்லிக்கொடுத்த அந்த நிக்கோபாரிப் பாட்டி சுனாமிக்குப் பிறகு திரும்பவில்லை. எந்தப் பாறையில், எந்த மாதம், எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விட்டது.

அப்பாயியும் இப்போது இல்லை. அவர் சொன்னதில் என் ஞாபகத்தில் நின்ற மூன்றை இங்கே எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுக் கடலோரப் பாட்டிகள் யாராவது இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். நத்தையின் பெயர், இடம், மாதத்தோடு.

கிண்ணத்து நத்தையை என்ன செய்தேன் என்கிறீர்களா? தின்றேன். கடைசிச் சுருளைக் கிள்ளி ஓரமாக வைத்துவிட்டு.