மாத்திரை போட்டும் பி.பி. இறங்கவில்லையா? வரலாறு சொல்லும் 4 கேள்விகள்

தினமும் மாத்திரை போடுகிறீர்கள். ஆனாலும் பி.பி. கருவி 160, 170 என்றே காட்டுகிறது. "என் உடம்புக்கு இதுதான் நார்மல்" என்று விட்டுவிடத் தோன்றும். அதற்கு முன் அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதையைக் கேளுங்கள்.

1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென் அவரைப் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108. இதயம் பெரிதாகிப் பலவீனப்பட்டிருந்தது. ஓய்வு, உப்புக் குறைத்த சாப்பாடு, சிகரெட்டைக் குறைப்பது, இதயத்துக்கு டிஜிடாலிஸ் மருந்து என்று சிகிச்சை நடந்தது. அழுத்தத்தை இறக்க இன்றிருப்பது போன்ற மாத்திரைகள் அப்போது இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, பின்தலையில் கடுமையான வலி என்று சொல்லி மயங்கிச் சரிந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு அன்றே காலமானார். வயது 63.

இன்று நம்மிடம் நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டும் இறங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அதை எங்கே தேடுவது என்பதை மருத்துவ வரலாறே காட்டுகிறது.

1. அளந்தது சரியா?

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் கட்டி அளக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். அதன் அகலம் சுமார் 5 செ.மீ. மட்டுமே. குறுகிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்று கண்டு, 1901இல் ஜெர்மனியின் ரெக்லிங்ஹாசன் அதை அகலப்படுத்தினார். பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் இன்றும் அதே தவறுதான் நடக்கும். மாடிப்படி ஏறி வந்ததும், காபி குடித்ததும் அளக்காதீர்கள். முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளங்கள். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். கிளினிக்கில் மட்டும் பி.பி. ஏறுபவர்களும் உண்டு. அதனால் வீட்டில் அளந்து எழுதி வையுங்கள்.

2. உப்பு எவ்வளவு?

1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர், கடும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில்லாத சோறும் பழமும் கொடுத்தார். பலருக்கு அழுத்தம் இறங்கியது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இந்துப்பும் உப்புதான்.

3. மாத்திரை முழுமையாகப் போகிறதா?

1958இல் குளோரோதயசைடு விற்பனைக்கு வந்தது. உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை இது. இந்த வகையும் சேர்த்து 3 வகை மருந்துகளைச் சரியான அளவில் போட்டும் இறங்காவிட்டால்தான் 'மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம்' என்கிறார்கள். வாரத்தில் எத்தனை வேளை மாத்திரை விட்டுப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும், தொடர்ந்து சாப்பிடும் அதிமதுரமும் பி.பி.யை ஏற்றக்கூடியவை. இவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

4. வேறு நோய் ஒளிந்திருக்கிறதா?

1955இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார். அவருடைய அட்ரீனல் சுரப்பியில் இருந்த கட்டி, அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்தது. கட்டியை எடுத்ததும் அழுத்தம் இறங்கியது. சிறுநீரகக் கோளாறும், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும்கூடக் காரணமாகலாம். அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், நான்காவது மருந்தாக நன்றாக வேலை செய்வதை 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. இதை ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு வார பி.பி. குறிப்பையும், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பி.பி. 180/120க்கு மேல் போய், மார்பு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் இருந்தால் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.