குரும்பப்பட்டியில் சுட்ட பறவை

சேலத்திலிருந்து ஏற்காடு பஸ் ஏறுகிறவர்கள் ஜன்னலோரம் பிடிக்க அடித்துக்கொள்வார்கள். கொண்டை ஊசி வளைவுகளை எண்ண வேண்டுமே! அடிவாரத்துக் குரும்பப்பட்டியைக் கேட்டால், 'ஜூ இருக்கே, அந்த ஊர்தானே' என்பார்கள். ஆனால், பறவை ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது இங்கிலாந்து வரைக்கும் தெரிந்த பெயர்.

1929-ல் ஆர்தர் வெர்னே என்ற பணக்காரர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் பணம் கொடுத்தார். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் பழம்பொருள் வியாபாரம் செய்தவர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைப் பற்றி அதற்குள் நிறைய எழுதியாயிற்று. கிழக்கே துண்டு துண்டாக நிற்கும் சேர்வராயன், சித்தேரி மலைகளில் என்னதான் இருக்கிறது? அதைப் பார்க்கத்தான் கிளம்பினார்கள். (சித்தேரி அப்போது சேலம் ஜில்லா. 1965-ல்தான் தர்மபுரிக்குப் போனது.)

காட்டில் அலைந்தவர் லா பெர்சோன் என்ற கழகத்து ஊழியர். 'பார்ப்பது' என்றால் அந்தக் காலத்தில் சுடுவது. சுட்ட பறவையின் தோலை உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டு கட்டுவார்கள். ஊர், தேதி, ஆணா பெண்ணா எல்லாம் அதில் இருக்கும்.

கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால், அறுத்துப் பார்த்ததில் ஒரு சங்கதி கிடைத்தது. இனப்பெருக்கக் காலத்தில் பறவையின் விரையும் சினைப்பையும் பெருத்திருக்கும். மற்ற மாதங்களில் சுருங்கிக் கிடக்கும். இது இங்கேயே குஞ்சு பொரிக்கிற பறவையா, குளிருக்கு ஒதுங்க வந்த விருந்தாளியா என்று துப்புக் கிடைப்பது இப்படித்தான். சீட்டில் தேதி இல்லையென்றால் அத்தனை பறவையும் வீணாகச் செத்த மாதிரி.

பறவைகளை ஆராய்ந்தவர் ஹியூ விஸ்லர். பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து இங்கிலாந்து திரும்பியவர். பிரிட்டிஷ் மியூசியத்தின் கின்னியரோடு சேர்ந்து, கழகத்தின் இதழில் 1930-களில் தொடராக எழுதினார். குரும்பப்பட்டி அச்சேறியது அப்படித்தான். 1931-ல் ஹைதராபாத் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கப் போன சாலிம் அலிக்கும் தோள் கொடுத்தவர் இதே விஸ்லர். அலி கையிலும் துப்பாக்கிதான்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கூடாரம் அடித்த சில வாரங்களில் கண்ணில் பட்டதுதான் கணக்கு. கோடையில் முகாம் போட்டால், பனிக்காலத்து விருந்தாளி பட்டியலில் வரவே வராது. ஓட்டையை இப்போது அடைப்பவர்கள் சம்பளம் வாங்காத ஆட்கள். 2015-லிருந்து பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வாத்தியார், காலேஜ் பையன், ரிட்டயர் ஆனவர் என்று யாரும் சேரலாம். பைனாகுலரும் நோட்டும் போதும். ரத்தம் சிந்த வேண்டாம்.

அதுகூட இல்லாமலே கிராமத்தில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. மழைக்கு முன்னால் வடக்கிலிருந்து வந்து, பனிக்காலம் முழுக்க இங்கே தங்கி, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வாக்கில் புதருக்குள்ளிருந்து கூவும் ஒரு வண்ணப் பறவை. ஆங்கிலத்தில் பிட்டா. நம் ஊரில் ஆறுமணிக் குருவி.