விரிவுரை மணியும் பரிசோதனை மணியும்: கல்லூரி விஞ்ஞானப் பாடத்திட்டத்தின் ஒரு வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகளின் விஞ்ஞானப் பாடத்திட்டங்களில், பரிசோதனைச் சாலையில் கழியும் இரண்டு அல்லது மூன்று மணி நேரம், விரிவுரை மண்டபத்தில் கழியும் ஒரு மணி நேரத்துக்கே பெரும்பாலும் ஈடாகக் கணக்கிடப்படுகிறது. இவ்விகிதத்தின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவோர்க்கு, இது போதனா தத்துவத்தினின்று பிறந்ததன்று என்பதும், பெருகிய மாணவர் தொகையை நிர்வகிக்க வேண்டிய அவசியமே படிப்படியாக இதனை உருவாக்கிற்று என்பதும் புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில் பரிசோதனை செய்பவர் பேராசிரியர். மாணவர் அதனைப் பார்த்திருப்பவர். இந்நிலையை மாற்ற முயன்றோர் முன்னரே சிலர் இருந்தாரெனினும், 1824-இல் தம் இருபத்தொன்றாம் வயதில் ஜெர்மனியின் கீஸன் நகருக்கு வந்து, பழைய காவற்படைக் கட்டடமொன்றில் ரசாயனம் கற்பித்த யூஸ்டுஸ் லீபிக் என்பாரே மாணவர் கைவேலையை ஓர் ஒழுங்கான பயிற்சியாக்கினார். பொருள்களின் கூறுகளை இனங்காணுதல், அவற்றின் அளவை நிர்ணயித்தல், பின்னர்ச் சொந்த ஆராய்ச்சி என்று அப்பயிற்சி ஏறுவரிசையில் அமைந்தது. 1831-இல் அவர் அமைத்த, ஐந்து குமிழ்கள் கொண்ட கண்ணாடிக் கருவி, கரிமப் பகுப்பாய்வைச் சாதாரண மாணவனும் செய்யத்தக்கதாக எளிமைப்படுத்திற்று. ஆயினும் அங்கு மணிக்கணக்கு என்பதே இல்லை. வேலை முடியும்வரை வேலை.

இம்முறையைப் பெரிய வகுப்புக்குப் பொருந்தச் செய்தவர், 1869-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பௌதிகப் பரிசோதனைச் சாலை அமைத்த எட்வர்டு பிக்கரிங். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பரிசோதனையும் அதற்குரிய கருவிகளும் ஒதுக்கப்பட்டன; சுவரிலிருந்த பலகையில் பரிசோதனைகளின் பெயர்ச்சீட்டுகளும் அவற்றுக்கு எதிரே மாணவர் பெயர்ச்சீட்டுகளும் தொங்கின. முடிவு திருப்திகரமானால் மாணவனின் சீட்டு காலியான வேறொரு மேஜைக்கு நேரே நகர்த்தப்படும். ஒரே கருவியைப் பல பிரதிகளாக வாங்கும் செலவு இதனால் ஒழிந்தது. ஆசிரியர் ஒருவரே ஏறக்குறைய இருபது மாணவரைக் கண்காணிக்கவும் முடிந்தது.

அடுத்த படி, பயிற்சி நிபந்தனையாக மாறியது. தலைவர் சார்லஸ் எலியட்டின் காலத்தில், 1886-ஐ ஒட்டி, ஹார்வர்டு சர்வகலாசாலை தன் பிரவேச விதிகளில் நாற்பது பௌதிகப் பரிசோதனைகளையும், ஆசிரியர் அத்தாட்சி செய்த குறிப்பேட்டையும் ஏற்றது. பரிசோதனைப் பட்டியலை எட்வின் ஹால் வகுத்தார். கல்லூரி வாசலில் வைத்த இந்நிபந்தனை, பள்ளிகளையும் பரிசோதனைச் சாலை கட்டத் தூண்டிற்று. பின்னர், பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தோன்றிய கார்னகி நிறுவனம், எவை கல்லூரிகள் என்று வரையறுக்கும் பொருட்டு, பள்ளிப் படிப்பை 120 மணி நேரம் கொண்ட அலகுகளால் அளந்தது; அக்கால அளவீட்டு விதிகளில் இரண்டு மணிப் பரிசோதனை ஒரு மணி வகுப்புக்கு ஈடாயிற்று. விரிவுரைக்குப் பின் மாணவன் வீட்டிலும் உழைக்க வேண்டும், பரிசோதனையோ சாலையிலேயே முடிந்துவிடும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் நியாயம். குறிப்பேடு எழுதும் இரவுகளை இந்நியாயம் கணக்கிற் கொள்ளவில்லை.

இந்தியாவிலோ, சென்னை உள்ளிட்ட சர்வகலாசாலைகளைக் கட்டுப்படுத்திய 1904-ஆம் ஆண்டுச் சட்டம், பரிசோதனை விஞ்ஞானத்தில் இணைப்புக் கோரும் கல்லூரி, தக்க சாதனங்களையுடைய பரிசோதனைச் சாலையிலோ அருங்காட்சியகத்திலோ போதனை நிகழ ஏற்பாடு செய்திருத்தல் வேண்டுமென்று விதித்தது. அமெரிக்கர் மணியை எண்ண, இங்கே சட்டம் சாதனத்தை நோக்கிற்று. இரண்டுமே வெளியிலிருந்து வருபவர் எளிதில் சரிபார்க்கக்கூடியவை. மாணவன் கற்ற திறமையை இரண்டும் நேராக அளப்பதில்லை.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போர், முதலில் மாணவன் தன் கையால் செய்யக் கற்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, பின்னரே நேரத்தைப் பங்கிடுதல் முறையாகும். நடுநிலையாக்கல் அளவை ஒரு பிற்பகலில் முடியும். கரைசலிலிருந்து படிகம் வளர நாட்கள் செல்லும். இரண்டையும் ஒரே கால அட்டவணைக்குள் அடக்க முற்படின், படிகத்தைப் பற்றி மாணவன் விரிவுரையில் கேட்பதோடு நிற்க நேரும்.