வேர்வை தின்ற மிஷின்கள்

காது மிஷின் ரிப்பேர் என்பது முக்கால்வாசி வேர்வையோடு போடும் சண்டைதான். ஃபேன் இல்லாமல் தூங்கிய பழைய பெங்களூரிலும் அப்படித்தான். சட்டைப் பைக்குள், பெண்களானால் ரவிக்கைக்குள், நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கிற பொருள் வேறு எப்படி இருக்கும்?

இந்தச் சண்டை டிரான்சிஸ்டர் வந்த நாளிலிருந்தே உண்டு. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அது, ரேடியோவுக்கு முன்பே காது மிஷினாகத்தான் கடைக்கு வந்தது. 1952 கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சோனோடோன் 1010இல் இரண்டு வால்வு, ஒரே ஒரு டிரான்சிஸ்டர். விலை 229 டாலர் 50 சென்ட். காது மிஷின் செய்கிறவர்களிடம் பெல் கம்பெனி டிரான்சிஸ்டருக்கு உரிமத் தொகை வாங்கவில்லை. கிரகாம் பெல் காது கேளாதோருக்குப் பாடம் சொன்னவர் அல்லவா, அவர் நினைவாகச் செய்த மரியாதை. வால்வு மிஷினுக்கு இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, கூடவே 22.5 வோல்ட்டில் இன்னொன்று வேண்டும். டிரான்சிஸ்டர் அந்தச் சுமையை ஒழித்தது. ஆனால் கண்ணாடிக்குள் மூடிக் கிடந்த வால்வைத் தொட முடியாத ஈரம், ஆரம்பகால டிரான்சிஸ்டர்களுக்குள் புகுந்து சீக்கிரமே கெடுத்தது.

பெங்களூர் ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் 1962இல் பிலிப்ஸ் உதவியோடு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்யத் தொடங்கினார்கள். சால்டரிங் பழகிய கைகள் ஊரில் பெருகின. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவரும் அங்கிருந்து வந்தவர்தான். மைசூரில் 1965இல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் வந்தது. 1981இல் மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டம். முகாம் போட்டு பாக்கெட் மிஷின் கொடுத்தார்கள். கொடுத்தது சரி, கெட்டுப்போனால் கிராமத்தில் யார் பார்ப்பது? அல்சூரில் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கூட்டம்தான்.

கோலார் தங்கவயல்காரர்கள் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து வருவார்கள். சுரங்கத்தில் வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமான பெரியவர்கள். "தம்பி, செத்துப்போச்சு இது" என்று பெட்டியை நீட்டுவார்கள். பல நேரம் பெட்டி சாகவில்லை, ஒயர்தான் செத்திருக்கும். ராத்திரி கழற்றியதும் ஒயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கி வைப்பார்கள்; பிளக் ஓரத்தில் மடிந்து மடிந்து உள்ளே கம்பி அறுந்துவிடும். வால்யூமை ஏற்றி, ஒயரை விரலிடுக்கில் உருட்டினால் கரகரப்பு வரும் இடத்தில் முறிவு. அடுத்த எதிரி ஊருக்குப் போகும்போது உள்ளேயே மறந்த பென்சில் பேட்டரி. கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருக்கும். பிளேடால் சுரண்டி ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். மைக் வலையில் வேர்வையோடு முகப்பவுடரும் குழைந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். இதற்கு யாரைத் திட்ட முடியும்?

விசில் அடிக்கிறது என்று கொண்டு வந்தால் நான் மிஷினைத் திறக்கவே மாட்டேன். காதுக்குள் வைக்கும் மோல்டு தளர்ந்து, சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்குக்குள் போகிறது, அவ்வளவுதான். குழந்தைகளுக்குக் காது வளர வளர மோல்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெற்றோருக்கு இதைப் புரியவைப்பது சால்டரிங்கைவிடக் கஷ்டம்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் பரவிய பிறகு டிசம்பர் மாதம் எங்களுக்கு சீசன் ஆனது. பெங்களூர்க் குளிரில், காதின் வெதுவெதுப்பான காற்று குழாயில் பட்டுத் துளியாகி அடைத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றிக் காற்றடித்தால் சரியாகிவிடும். இதற்குக் காசு வாங்க எனக்குக் கூச்சம்.

1996 வாக்கில் முழு டிஜிட்டல் மிஷின்கள் வந்தன. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகிச் சரிசெய்தது போய், கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டிச் சரிசெய்தார்கள். சந்தைச் சத்தத்தில் பேச்சைப் பிரித்துக் காட்டுவதில் பழைய பெட்டி அதன் பக்கத்தில் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே சிப் போனால் நான் செய்ய ஒன்றுமில்லை, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். குழாய் மாற்றுவதும், குறும்பி வடிகட்டி மாற்றுவதும், ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் போடச் சொல்வதும்தான் இப்போது என் வேலை.

பாக்கெட் மிஷின் இன்னும் வருகிறது. கை நடுங்குகிறவர்களால் காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினின் பொத்தான் பேட்டரியை மாற்ற முடிவதில்லை. பென்சில் பேட்டரி என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒயருக்குத்தான் தட்டுப்பாடு. எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கண்ணில் பட்டால் கட்டாகவே வாங்கிப் போட்டுவிடுகிறேன்.