உடப்புசல்லாவைப் புகையிரதப் பாதை: தோற்றமும் மறைவும்

பேராதனையிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதை இன்று பதுளை வரை செல்கின்றது. அப்பாதையின் நானுஓயா நிலையத்திலிருந்து கிளைத்து, நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை சென்ற, ஏறத்தாழ 19 மைல் நீளமான ஒடுங்கிய பாதையொன்று முன்னர் இருந்தது. மலையகப் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர்க்கு அதன் தோற்றமும் மறைவும் பயன்மிகு சான்றுகளாகும்.

கோப்பி ஏற்றுமதியைக் கருதி அமைக்கப்பட்ட பிரதான பாதை 1867 இல் கண்டியை அடைந்தது. 1869 தொடக்கம் பரவிய இலைநோயினால் கோப்பி அழிய, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1885 இல் பாதை நானுஓயாவை எட்டிற்று. அதற்கப்பாலுள்ள உடப்புசல்லாவைத் தோட்டங்களின் தேயிலையை இறக்கவும், அரிசி, உரம் முதலியவற்றை ஏற்றவும் கிளைப்பாதையொன்று வேண்டப்பட்டது. அது 1903 இல் நுவரெலியா வரையும், பின்னர் இராகலை வரையும் திறக்கப்பட்டது.

பிரதான பாதையின் தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம். இதன் இடைவெளியோ 2 அடி 6 அங்குலமே. கடுகண்ணாவை ஏற்றத்தில் சுமார் 45 அடிக்கு ஓரடி உயரும் பாதை, இங்கு 24 அடிக்கு ஓரடி உயர்ந்தது. ஒடுங்கிய பாதை கூரிய வளைவுகளோடு மலைச்சரிவைத் தழுவிச் செல்லவல்லது. ஆதலின் செலவு குறைந்தது. ஆயின் அச்சிக்கனமே பின்னர் பாதகமாயிற்று. இராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் இறக்கிப் பெரிய வண்டிகளில் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. தொழிற்சாலை வாயிலிலேயே சரக்கேற்றிய லொறியோடு இச்சிறு புகையிரதம் போட்டியிட இயலவில்லை. 1940 இல் பயணிகள் சேவை நின்றது. 1948 இல் பாதை முற்றாக மூடப்பட்டது. இதே அளவினதான களனிவெளிப் பாதையின் கொழும்பு–அவிசாவளைப் பகுதி, நகரப் பயணிகளின் ஆதரவால் நிலைத்து, 1990களில் அகலப் பாதையாயிற்று. இராகலைப் பாதையோ தேயிலையையே நம்பியிருந்தது.

அதே 1948 இல் நிறைவேறிய 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அத்தேயிலையைக் கொய்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும், தோட்டத்தின் தேவைக்கென வந்தவை தேவைக்கப்பால் எவ்வாறு மதிக்கப்பட்டன என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, மக்கள் அம்மண்ணிலேயே வாழ்ந்து உரிமைக்காகப் போராடினர். எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று.

இப்பாதையின் தூரமும் சரிவும் ஏடுகளில் உள. அதனருகே வாழ்ந்தோரின் நினைவுகளோ பெரிதும் வாய்மொழியாகவே வந்தவை. கேட்டறிந்த வழித்தோன்றல்கள் உள்ளபோதே அவற்றைத் தொகுத்தல், மலையகத்தின் மடியிலே பயிலும் நம் மாணவர்க்கு உரிய பணியாகும்.