சுழல் வாத்தியார் – அத்தியாயம் 6: கம்பியில் கோத்த பந்து

பாஸ்டன் வீரர் ஃபில் மாசி இரண்டாம் பேஸை நோக்கித் திரும்பப் பாய்கிறார். கையுறைக்குள் பந்தோடு கிளீவ்லாந்தின் லூ பூட்ரோ அவர்மீது கையை வைக்கிறார். புழுதி பறக்கிறது. அம்பயர் பில் ஸ்டுவர்ட் குனிந்து பார்க்கிறார். போன வாரம் இங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

ஸ்டுவர்ட்டின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்தன. சேஃப்!

கிளீவ்லாந்து வீரர்கள் கத்தித் தீர்த்தார்கள். பயனில்லை. டாமி ஹோம்ஸ் அடித்த பந்தில் மாசி ஓடி வந்து ரன் எடுத்தார். அந்த ஒரே ரன்னில், 1948 அக்டோபர் 6 அன்று, பாஸ்டன் பிரேவ்ஸ் வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தை வென்றது. தோற்ற கிளீவ்லாந்து பிட்சர் பாப் ஃபெல்லர் விட்டுக்கொடுத்தது இரண்டே ஹிட். வென்ற பாஸ்டன் பிட்சர் ஜானி சேன் கொடுத்தது நான்கு. தொடர் முடிந்தபோது கோப்பை கிளீவ்லாந்துக்கே போனது. என்றாலும் பேஸ்பால் உலகின் மிகப் பெரிய மேடையில் ஃபெல்லரை எதிர்த்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் நின்ற அந்த மதியத்தைச் சேனிடமிருந்து யாரும் பறிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டே சேனுக்குத் தோளில் வலி. வெற்றி 10, தோல்வி 17. 1950-ல் எழுந்து நின்று 20 வெற்றி. 1951 ஆகஸ்டில் லூ பர்டெட் என்ற இளம் பிட்சரையும் 50,000 டாலரையும் வாங்கிக்கொண்டு பாஸ்டன் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. அங்கே அணியோடு மூன்று கோப்பைகள். 1955-ல் கான்சஸ் சிட்டியில் ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்தது. கணக்கு 139 வெற்றி, 116 தோல்வி.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியிருக்கவே மாட்டேன். சேனின் உண்மையான ஆட்டம் பந்தைக் கீழே வைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பிட்சிங் கோச்சாக அவர் கற்பித்தது என்ன என்று புரிய, ஒரு நிமிடம் பந்தை மட்டும் பார்ப்போம். கிரிக்கெட்டில் ஸ்பின் பந்து பெரும்பாலும் தரையில் பட்டுத் திரும்பும். பேஸ்பாலில் அந்த உதவி கிடையாது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலம். அந்தத் தூரத்தைப் பந்து காற்றிலேயே கடக்கிறது. திரும்புவதென்றால் காற்றில்தான் திரும்ப வேண்டும். பந்தின் மேற்பக்கம் பேட்ஸ்மேனை நோக்கி உருளுவது போலச் சுழன்றால் அது திடீரென்று கீழே இறங்கும். எதிர்த் திசையில் சுழன்றால், விழ வேண்டிய நேரத்திலும் விழாமல் மிதப்பது போலக் கண்ணை ஏமாற்றும். பக்கவாட்டில் சுழன்றால் ஒதுங்கிப் போகும். வேகம் இயற்கை தருவது. சுழற்சியை விரல்கள் கற்றுக்கொள்ளலாம்.

சேனுக்கு இந்த முதல் பாடத்தைச் சொல்லித் தந்தவர், ஆர்கன்சா மாநிலத்து ஹவானா என்ற சிற்றூரில் மெக்கானிக்காக இருந்த அப்பா. இரண்டாவது பாடம் போர்க்காலத்தில் வந்தது. கடற்படையில் விமானியாகப் பயிற்சி பெற்றபோது, இறக்கையின் மேலும் கீழும் காற்று எப்படிப் போகிறது என்று வகுப்பெடுத்தார்கள். பிள்ளைப் பருவத்திலிருந்து தன் விரல்கள் செய்துவந்ததற்கான காரணம் அந்த வகுப்பில் அவருக்கு விளங்கியது. எத்தனையோ பேர் வீசத் தெரிந்தவர்கள்; ஏன் அப்படிப் போகிறது என்று தெரிந்து வீசியவர் சேன்.

அந்த அறிவைக் கையில் பிடித்துக் காட்ட ஒரு கருவியையும் செய்தார். ஒரு பேஸ்பாலின் நடுவே துளையிட்டு ஒரு கம்பியைக் கோத்தார். அவ்வளவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கை விரல்களால் பந்தைச் சுண்ட வேண்டும். எந்த அச்சில் சுழல்கிறது, தையல் எப்படி ஓடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஹோட்டல் அறையில் உட்கார்ந்துகூடப் பழகலாம். தோளுக்கு ஒரு துளி வேலை இல்லை. இதைவிட எளிய, இதைவிடப் புத்திசாலித்தனமான பயிற்சிக் கருவி ஒன்றை எந்த விளையாட்டிலும் நான் அறிந்ததில்லை.

இன்னொன்றிலும் அவர் ஊரோடு ஒத்துப்போகவில்லை. அந்தக் காலத்து கோச்சுகள் பிட்சர்களை மைதானத்தைச் சுற்றி ஓட ஓட விரட்டுவார்கள். கை பலப்பட வேண்டுமென்றால் பந்தை வீசு, ஓடி என்ன ஆகப்போகிறது என்பது சேனின் கட்சி. அதோடு, நன்றாக வீசியவன் நிர்வாகத்திடம் போய்ச் சம்பள உயர்வு கேட்பதையும் அவர் ஊக்கப்படுத்தினார். மேலே இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படி இனிக்கும்?

1961. யாங்கீஸின் பிட்சிங் கோச்சாகச் சேன் வருகிறார். அங்கே வைட்டி ஃபோர்டு என்ற மாபெரும் இடக்கைப் பிட்சர். புகழ் இருந்தது, ஒரே ஆண்டில் 20 வெற்றி மட்டும் அதுவரை வாய்க்கவில்லை. பெரிய ஆட்டங்களுக்கென்று அவரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய வழக்கம் மாறியது. புது மேனேஜர் ரால்ஃப் ஹூக்கும் சேனும் அவருக்கு முறை தவறாமல் பந்தைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஃபோர்டு வென்றது 25, தோற்றது நான்கே ஆட்டம். மறு ஆண்டு ரால்ஃப் டெரிக்கு 23. அதற்கடுத்த ஆண்டு ஜிம் பௌட்டனுக்கு 21. மூன்று ஆண்டும் யாங்கீஸே லீக் சாம்பியன். 1964-ல் யாங்கீஸின் பிட்சிங் கோச் யார்? சேன் இல்லை.

மின்னசோட்டா அழைத்தது. 1965-ல் அங்கே மட்கேட் கிராண்ட் 21 வெற்றி. அணி லீக் சாம்பியன். 1966-ல் ஜிம் காட் 25 வெற்றி. அந்த ஆண்டு முடிந்ததும் சேனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேனேஜர் சாம் மீலுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. காட்டுக்கு மனம் ஆறவில்லை. அணியில் இருந்துகொண்டே, அந்த முடிவைக் கண்டித்துப் பத்திரிகையில் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை ஆட்டக்காரனுக்கு இல்லாத காலம் அது. அவனை விற்கலாம், வாங்கலாம், உட்கார வைக்கலாம். அப்படிப்பட்ட நாளில் ஒரு கோச்சுக்காக அப்படிக் கையெழுத்துப் போடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! காட்டின் மற்ற எல்லாச் சாதனைகளையும்விட எனக்கு அந்தக் கடிதம் பெரியதாகத் தெரிகிறது.

1967-ல் சேன் டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தார். அங்கே காத்திருந்தவர் டென்னி மெக்லைன். இருபத்து மூன்று வயது. மைதானத்தில் வேகப்பந்து, இரவில் கிளப்புகளில் ஆர்கன் வாசிப்பு. யார் சொன்னாலும் கேட்காத பிள்ளை. சேன் அவரை அதட்டவில்லை, ஓடச் சொல்லவில்லை. பந்தைப் பற்றிப் பேசினார்.

1968 செப்டம்பர் 14, சனிக்கிழமை. டைகர் ஸ்டேடியத்தில் 44,000-க்கும் மேற்பட்டோர். மெக்லைன் கையில் 29 வெற்றிகள். ஒரே ஆண்டில் 30 வென்ற பிட்சர் 1934-க்குப் பிறகு ஒருவரும் இல்லை. அன்று அதைச் செய்த டிஸ்ஸி டீனே வந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரணி ஓக்லாந்து. அதன் இளம் வீரர் ரெஜி ஜாக்சன் மெக்லைனின் பந்தை இரண்டு முறை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி. ஓக்லாந்து 4, டெட்ராய்ட் 3. முதலில் பேட் பிடிக்க வேண்டியவர் மெக்லைன். மேனேஜர் மேயோ ஸ்மித் அவரை உட்கார வைத்து, பதிலுக்கு ஆல் கேலைனை அனுப்புகிறார். இனி மெக்லைன் பந்தைத் தொட முடியாது. விதி கறாரானது: இந்தப் பாதியிலேயே டெட்ராய்ட் முன்னிலை பெற்றால்தான் வெற்றி அவர் கணக்கில் ஏறும். ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தால் போதாது, இரண்டு வேண்டும்.

கேலைன் பேட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்...

(அடுத்த வாரம்)